பிடித்தமும் பார்வையும்

ரசிகன் என்ற சொல்லை நாம் ஏளனத்தோடுதான் உபயோகிக்கிறோம். சிறுபத்திரிகைச் சூழலில் அது ஒரு வசவு. இந்த ஏளனத்தின் நியாயம் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் பேச்சு நாய், படம், ரேக்ளா என்றுதான் சுற்றும். பேசுகிறவர் முகத்தில் அப்போது தெரியும் வெளிச்சம் பொய்யல்ல. அது எதன்மேல் விழுகிறது என்பதே கேள்வி.

கான்ட் 1790இல் ஒரு வித்தியாசம் சொன்னார். கானரித் தீவின் மது ருசிக்கிறது என்பவன் 'எனக்கு' என்பதோடு நின்றுவிடலாம். ஒன்றை அழகு என்பவனோ பிறர் சம்மதத்தையும் கோருகிறான். நம் அன்றாடப் பிடித்தங்கள் இவ்விரண்டுக்கும் நடுவே ஊசலாடுகின்றன. "எனக்குப் பிடிச்சிருக்குதுங்க, அவ்வளவுதான்" என்று ஆரம்பிக்கிறவர், எதிரே இருப்பவர் உதட்டைப் பிதுக்கினால் சண்டைக்கு வருகிறார். ஒத்துக்கொள் என்று கேட்டுவிட்டு, ஏன் என்று சொல்ல மறுப்பது அடுத்தவனை ஆளப் பார்ப்பதுதான்.

பொள்ளாச்சி மாட்டுச்சந்தையில் இதற்கு நேரெதிரான பார்வை இருக்கிறது. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள், நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து பின்னால் நிறம் மாறுவதை அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எவ்வளவு நுணுக்கமான விமர்சன மொழி! ஆனால் கறிக்கு மாடு பிடிப்பவருக்கும் இதே கண்தான். கூர்மையான பார்வை மட்டும் நேசமாகிவிடாது.

பார்வையில்லாத நேசம் இன்னும் மோசம். பனிப்பிரதேசத்து ஹஸ்கியை வாங்கிவந்து நம் சித்திரை வெயிலில் வளர்ப்பவர் பிரியமாகத்தான் வளர்க்கிறார். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கிறது. அவருடைய பிரியம் நாயைத் தொடவேயில்லை. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனிடம் படத்தின் ஒரு காட்சியை விவரிக்கச் சொல்லுங்கள். நம்மைவிடத் துல்லியமாகவே சொல்லக்கூடும். சொன்னால் அவன் என் கட்சி.

இரண்டும் சேர்வது சாத்தியமா? தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உத்தியோகம் பார்த்தவர். எழுதியது சினிமா பற்றியும் காட்டுயிர், நாய்கள் பற்றியும். படித்தவர்கள் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய சமாச்சாரங்கள். தென்னிந்திய நாடகத்திலும் சினிமாவிலும் தேசிய அரசியல் கலந்த வரலாறு 1981இல். இந்திய நாய்கள் பற்றிய நூல் 2017இல். ராஜபாளையம், சிப்பிப்பாறை பற்றி அவர் எழுதுகையில் 'என் நாய்' பின்னுக்குப் போய் 'இந்த நாய்' முன்னால் நிற்கிறது. வாசகனிடம் சம்மதம் கேட்பதில்லை. கூட வந்து பார் என்கிறது.

உயர்ந்த பொருளை நேசிப்பதாலேயே நேசம் உயர்ந்ததாகிவிடாது. இதை நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு கவிஞனை, நம் இருநூறு பேருக்கு மட்டுமே தெரியும் என்பதற்காகக் கொண்டாடுகிறோம் என்றால், ஹஸ்கிக்காரருக்கும் நமக்கும் என்ன பேதம்? அவருடைய நாயாவது தெருவில் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

பிடித்ததைப் பற்றிப் பேசுகிறவனுக்கு ஒரு கடமை உண்டு. கேட்டு முடித்தவன் பேசியவனை மறந்துவிட்டு அந்தப் பொருளைத் தேடிப் போக வேண்டும். இந்த அளவுகோலுக்குமுன் சினிமாப் பேச்சும் கவிதை விமர்சனமும் ஒன்றே. நம் மதிப்புரைகளில் எத்தனை இதில் தேறும் என்று எண்ணிப்பார்ப்பதை இந்த இதழிலிருந்தே தொடங்கலாம்.