மௌனமும் களவே

பிறர் பொருளைத் தொடாதவர் கள்ளாமை விரதத்தைக் காத்தவராவார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிறர் பொருள் பறிபோகும் வழியை அறிந்தும் வாய் திறவாதிருந்தவரை என்னவென்று சொல்வது? எழுபதைக் கடந்த வயதில் இக்கேள்வி என்னை விடாது வருத்துகின்றது. அதற்குக் காரணம் உண்டு.

ஆசிரியப் பயிற்சிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூரில் வாழ்ந்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். என் பழைய முழு ஆயுள் பாலிசியின் எண்ணைச் சரியாகச் சொன்னார். “இதனைச் சரண்டர் செய்தால் கிடைப்பதைப்போல் இருமடங்கு கொடுத்து வாங்க ஒரு நிறுவனம் ஆயத்தமாக இருக்கிறது, அம்மா. பதிவுக் கட்டணம் மட்டும் முன்னதாகச் செலுத்துங்கள்” என்றார். 4,000 ரூபாய் அனுப்பினேன். மறுவாரம் 18,000 ரூபாய் கேட்டபோதுதான் உண்மை விளங்கிற்று. ஆசிரியர்களுக்கே பாடம் சொன்னவள் ஏமாந்தாள் என்று பிறர் நகைப்பரே என நாணி, ஒருவரிடமும் சொல்லவில்லை.

இரண்டு திங்கள் கழித்து, மலைப்பள்ளி ஒன்றில் பணிபுரியும் என் முன்னாள் மாணவி வந்து அழுதாள். அதே குரல், அதே பேச்சு. மகளின் செவிலியர் படிப்புக்கு வைத்திருந்த 60,000 ரூபாய் போயிற்று. எனக்கு நேர்ந்ததையும் சொன்னேன். “அப்போதே உங்களுக்குத் தெரியுமா, டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள். என்னிடம் மறுமொழி இல்லை.

பாலிசியை மற்றொருவருக்கு விற்பது தன்னளவில் பாவமன்று. தவணை கட்ட இயலாதவர் சரண்டர் தொகையினும் கூடுதலான விலை பெற்றால் அவருக்கு நலமே. வாங்கியவர் எஞ்சிய தவணைகளைக் கட்டி முதிர்வுத் தொகையைத் தாம் பெறுவார். நம் நாட்டில் இவ்வணிகம் தலைகாட்டியபோது, ஆயுள் காப்பீட்டுக் கழகம் 2003லும் 2005லும் சுற்றறிக்கைகள் விடுத்து, இத்தகைய உரிமை மாற்றங்களைப் பதிய மறுத்தது. இன்ஷூர் பாலிசி பிளஸ் சர்வீசஸ் என்னும் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அம்மறுப்புச் செல்லாது என்று 2007இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015 டிசம்பர் 30 அன்று உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அது பழைய சட்டத்தின்படி வந்த தீர்ப்பு. அதே 2015இல் திருத்தப்பெற்ற காப்பீட்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவோ, உரிமை மாற்றம் நேர்மையற்றது என்றோ, பாலிசிதாரருக்கும் பொதுமக்களுக்கும் நலமன்று என்றோ, பாலிசியை வணிகப் பொருளாக்குவது என்றோ கருதப் போதிய காரணம் இருப்பின், காரணத்தை எழுத்தில் தந்து மறுக்கும் உரிமையைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அளித்துள்ளது. எனவே இருமடங்கு விலை தருவதாக அழைப்பவரை ஐயுறுவதே அறிவுடைமை.

அமெரிக்காவில் இவ்வணிகம் பெருகியது. 1980களின் இறுதியில் எய்ட்ஸ் நோயுற்றோர் பலர் செலவுக்கு வழியின்றித் தம் பாலிசிகளை விற்றனர். விற்றவர் விரைந்து இறந்தால் வாங்கியவருக்கு இலாபம். நெடிது வாழ்ந்தால் நட்டம். 1996ஐ ஒட்டிப் புதிய கூட்டு மருந்துகள் வந்து நோயாளர் உயிர் பிழைத்தபோது, அம்மகிழ்ச்சி வாங்கியவர் கணக்கேட்டில் இழப்பாகப் பதிவாயிற்று. புளோரிடாவின் மியூச்சுவல் பெனிஃபிட்ஸ் நிறுவனம், பாலிசி விற்றோரின் எஞ்சிய வாழ்நாளைப் பொய்யாகக் குறைத்துக் காட்டி 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2004இல் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் நீதிமன்றத்தின் வழியே அதனை முடக்கியது. ஒருவர் எப்போது இறப்பார் என்று காத்திருக்கும் மனநிலையே பாவஹிம்சைக்கு வாயில். அவ்வாயிலில் பொய்யும் வந்து நின்றால் கேடு இரட்டிப்பாகும்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அணுவிரதங்களின் அதிசாரங்களை எண்ணிச் சொல்கிறது. பொய்ப் பத்திரம் எழுதுதலும் அடைக்கலப் பொருளைக் கவர்தலும் வாய்மைக்கு அதிசாரம். களவைத் தூண்டுதலும் களவுப் பொருளை ஏற்றலும் போலியை நல்லதென்று விற்றலும் கள்ளாமைக்கு அதிசாரம். கையால் எடுப்பது மட்டுமே களவன்று என்பது இதனால் விளங்கும். என் மௌனம் அப்பட்டியலில் இல்லைதான். ஆயினும் அக்கள்வனுக்கு இரண்டு திங்கள் அவகாசம் தந்தது அதுவே அன்றோ?

‘ஒருவனைக் காவலரிடம் காட்டிக்கொடுத்துத் தண்டனைக்கு ஆளாக்குவது ஹிம்சையாகாதா? பொறுத்தல் அன்றோ அறம்?’ என்று சிலர் வினவலாம். எனக்கு இழைத்த தீங்கை நான் பொறுக்கலாம். நாளை என் அண்டை வீட்டாருக்கு இழைக்கப்படவிருக்கும் தீங்கைப் பொறுக்க எனக்கு உரிமை ஏது? பகையின்றி, மிகைப்படுத்தாமல், நடந்ததை நடந்தபடி உரியவரிடம் சொல்வது வாய்மை விரதத்தின் ஒரு பகுதியே.

இல்லறத்தார் செய்யத்தக்கவை சில. பாலிசி பற்றி எவர் அழைத்தாலும் முதலில் கிளை அலுவலகத்தில் கேட்டறிக. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடற்க. உரிமை மாற்றம் செய்த அளவில் முந்தைய நியமனம் தானே நீங்கிவிடும். ஆதலின் குடும்பத்தாரைக் கலவாமல் கையெழுத்திடுவது அவர்கள் பொருளை இழப்பதாகும். ஒழுங்குமுறை ஆணையம் பாலிசி விற்பதுமில்லை, போனஸ் வழங்குவதுமில்லை. அதன் பெயரால் அழைப்பவர் பொய்யர். பணம் அனுப்பிவிட்டால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து சொன்னால் வங்கியில் தொகையை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நிறுவனத்தின் மீதோ முகவர் மீதோ குறையிருப்பின் நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்தபின், ஆணையத்தின் 155255 என்னும் எண்ணில் முறையிடலாம்.

அன்று நானும் என் மாணவியும் ஒன்றாக அமர்ந்து 1930க்கு அழைத்தோம். பணம் மீளவில்லை. அடுத்த ஓய்வூதியர் கூட்டத்தில் எழுந்து நின்று, நான் ஏமாந்த கதையைச் சொன்னேன். எவரும் நகைக்கவில்லை. கூட்டம் கலைந்தபின் மூன்று மூதாட்டியர் அருகில் வந்து, தமக்கும் அவ்வழைப்பு வந்திருப்பதாகத் தாழ்ந்த குரலில் கூறினர். அவர்களுள் ஒருவர் மறுநாள் காலை பணம் அனுப்புவதாக இருந்தாராம்.