கடன் அட்டை வேண்டாம், நாணயம் வேண்டும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் அல்லாஹு தஆலாவுக்கே உரியது. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக. ஆமீன்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக் கொண்டிருக்கையில், ஜவுளிக் கடைப் பெரியவர் ஒருவர் நம் கையைப் பிடித்துக் கொண்டார்.

"தம்பி, என்னிடம் நாலு பெட்டி நிறையப் பழைய கைலியும் பாத்திக்கும் கிடக்கின்றன. கடைக்கு வருகிறவர்கள் திரும்பிக் கூடப் பார்ப்பதில்லை. இணைய ஏலத்தில் போட்டால் பழைய பாத்திக்குக்கு நல்ல விலை கேட்கிறார்களாம். ஆனால் கிரெடிட் கார்டு இல்லாதவன் அதில் விற்க முடியாதாமே? கார்டு என்றால் வட்டி. இந்த வயது வரை அந்தப் பக்கம் போகாதவன் இனிமேலா போவேன்? மகனுடைய கார்டைப் போட்டு, அவன் பேரிலேயே விற்று விடலாமா என்று பார்க்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?" என்றார்.

நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக் கூடிய விஷயமாக அது நமக்குத் தோன்றவில்லை. 2000 ஆம் ஆண்டில் பழைய வாடகைக் கட்டுப்பாடு நீங்கிய நாள் முதல், இந்நகரில் கடை வைத்திருப்போர் படும் பாடு யாவரும் அறிந்ததே. கடைக்கு ஆள் வராத காலத்தில் வேறு வழி தேடுவது குற்றமன்று. ஆனால் தேடும் வழி ஹலாலான வழியா என்று கேட்டுக் கொண்டு நடப்பதே முஃமினுக்கு அழகு. அப்பெரியவர் கேட்டது நம்மில் பலருடைய மனத்திலும் உள்ள கேள்வியாதலால், நாம் அறிந்ததையும், நாம் பட்டதையும் இங்கே எழுதுகிறோம். நாம் ஆலிம் அல்லோம். மதரஸாவில் ஓதிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவர்கள். தவறு இருப்பின் அறிந்தோர் திருத்துவார்களாக.

முதலாவது, ஏலம் விடுவது கூடுமா? கூடும். நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே ஏலம் விட்டிருக்கிறார்கள். அன்ஸாரி ஒருவர் உதவி கேட்டு வந்தபோது, வீட்டில் ஏதேனும் உண்டா என்று நாயகமவர்கள் வினவினார்கள். பாதியைப் போர்த்திப் பாதியை விரித்துக் கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் தவிர வேறொன்றும் அவரிடம் இல்லை. அவ்விரண்டையும் கொண்டுவரச் செய்து, இவற்றை வாங்குவோர் யார் என்று நாயகமவர்கள் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதற்கு மேல் யார் தருவார் என்று இரண்டு மூன்று முறை கேட்க, மற்றொருவர் இரண்டு திர்ஹத்திற்கு வாங்கிக் கொண்டார். ஒரு திர்ஹத்திற்கு வீட்டாருக்கு உணவும், ஒரு திர்ஹத்திற்குக் கோடரியும் வாங்கச் சொல்லி, தம் கையாலேயே அதற்குக் காம்பு பூட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். பதினைந்து நாட்களில் அவர் பத்துத் திர்ஹங்களோடு வந்தார். அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் வாயிலாக வந்துள்ள செய்தி இது.

அந்த அன்ஸாரியிடம் முதல் இல்லை. கடன் வாங்கி வா என்று நாயகமவர்கள் சொல்லவில்லை. உன்னிடம் இருப்பது என்ன என்றே கேட்டார்கள். பெரியவரின் நாலு பெட்டிக்கும் இதுவே பதில்.

இரண்டாவது, கடன் அட்டை. இணைய ஏலம் தொடங்கிய புதிதில் விற்பவரிடம் அட்டை எண் கேட்கும் வழக்கம் இருந்தது உண்மையே. அதற்குக் காரணம் இரண்டு. விற்பவர் இன்னார்தான் என்று உறுதி செய்து கொள்வது ஒன்று. ஏலம் நடத்துவோர் தம் கட்டணத்தை வசூலிப்பது மற்றொன்று. இன்று இவ்விரண்டிற்கும் வேறு வழிகள் வந்து விட்டன. நம் நாட்டு விற்பனைத் தளங்கள் பெரும்பாலானவற்றில் விற்பவர் கொடுக்க வேண்டியவை, அடையாளக் கார்டு, கைப்பேசி எண், தம் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு போன்றவையே. வாங்குபவர் தம் வங்கிக் கணக்கிலிருந்து எஃப்.பி.எக்ஸ். வழியாகப் பணம் செலுத்தலாம். 2019 முதல் நடப்பில் உள்ள டூயிட்நவ் கியூ.ஆர். வழியாகவும் செலுத்தலாம். சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கு 2017 முதல் பேநவ் இருக்கிறது. இவையெல்லாம் கையிலுள்ள பணத்தைக் கொடுப்பன, கடன் அல்ல. பல தளங்களில் அப்பணம் நடுவே தளத்தாரிடம் நிற்கும். சரக்கு சேர்ந்ததும் தம் கட்டணத்தைக் கழித்துக் கொண்டு மீதியை விற்றவர் கணக்கில் சேர்ப்பார்கள். விற்பவர் கைக்காசு வைத்துக் கட்ட வேண்டியதே இல்லை. ஆகவே கார்டு இல்லாதவன் விற்க முடியாது என்பது பழைய கதை.

கார்டு எடுத்தாலும் தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லையே எனச் சிலர் கேட்பர். தவறினால் வட்டி தருகிறேன் என்று முதலிலேயே கையெழுத்திடுவது பற்றி ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. இஸ்லாமிய முறை என்று சொல்லப்படும் அட்டைகளும் உள்ளன. அவற்றைப் பற்றித் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. நாம் கண்டது ஒன்றே. தவறாமல் கட்டுவேன் என்று எடுத்தவர்களே மந்தமான மாதத்தில் தவறுகிறார்கள். இந்நாட்டில் அட்டைக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் 18 வரை வட்டி உண்டு. ஆயிரம் வெள்ளி நிலுவை நின்றால் மாதம் 15 வெள்ளி போகும். ஆயிரம் வெள்ளிச் சரக்கில் மாதம் 15 வெள்ளி மிச்சம் பிடிக்க நாம் படும் பாட்டை நாமே அறிவோம். அல்லாஹு தஆலா வியாபாரத்தை ஆகுமாக்கி, வட்டியை விலக்கி வைத்தது நம் நன்மைக்கே.

மூன்றாவது, மகன் பேரில் விற்பது. மகனே விற்று, மகனே பொறுப்பேற்பதானால் தடையில்லை. ஆனால் சரக்கும் பேச்சும் தந்தையுடையன, பெயர் மட்டும் மகனுடையது என்றால், வாங்குபவர் யாரோடு வியாபாரம் செய்கிறார்? வழக்கு வந்தால் யார் நிற்பது? நாளை ஒருவருக்கு மௌத் நேர்ந்தால், அக்கணக்கிலுள்ள பணம் யாருடைய வாரிசுகளுக்குச் சேரும்? கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக் கொள்ளும்படித் திருமறை வலியுறுத்துவது இத்தகைய குழப்பம் நேராதிருக்கவே. தம் பெயரில் கணக்குத் திறந்து, தம் பெயரில் விற்பதே நேர்.

நிற்க. கார்டு விஷயம் இவ்வளவுதான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அட்டை எண்ணை அவர்கள் கேட்டது, முகம் தெரியாத இவரை எப்படி நம்புவது என்பதற்காகவும் அல்லவா? அந்தக் கேள்வி அட்டையோடு போய்விடவில்லை. கடைக்கு வருகிறவர் துணியை விரித்துப் பார்க்கிறார். பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கிறார். ஏலத்தில் கேட்பவருக்கோ நாம் காட்டும் படமும், நாம் எழுதும் நாலு வரியும்தான். நம் தமிழிலே நாணயம் என்ற ஒரே சொல் காசுக்கும் பெயர், நேர்மைக்கும் பெயர். அந்த இரண்டாவது நாணயம் இல்லாதவனுக்கு எந்த வங்கியின் அட்டையும் உதவாது.

இதில் நாம் வழுக்கி விழுந்தோம். அதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினோம்.

2020 மார்ச் 18 ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடை மூடப்பட்டது. வருமானம் நின்றது. ரமலான் வர ஒரு வாரம் இருக்கையில், கடையில் நெடுநாள் கிடந்த பழைய பித்தளை வெற்றிலைப் பெட்டி ஒன்றை இணைய ஏலத்தில் விட்டோம். மூடியின் கீலருகே விரிசல் விட்டு, ஈயம் பற்ற வைத்த பெட்டி அது. அந்தப் பக்கம் தெரியாதபடி படம் எடுத்தோம். 80 வெள்ளியில் தொடங்கிய ஏலம், 110 வெள்ளியில் வந்து நின்று விட்டது. உடனே நம் சகோதரியின் மகனை அழைத்து, அவன் கைப்பேசியிலிருந்து 150 வெள்ளிக்குக் கேட்கச் சொன்னோம்.

"மாமா, நம்ம பொருளை நாமே கேட்கலாமா? தப்பில்லையா?" என்றான். பதினேழு வயதுப் பிள்ளை.

"வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம்" என்றோம்.

ஈப்போவைச் சேர்ந்த ஒருவர் 165 வெள்ளிக்கு எடுத்தார். பெட்டியைப் பொட்டலம் கட்டும்போது, நம் தந்தையாரின் நினைவு வந்தது. அவர்கள் கைலி விற்கையில், இழை விட்டுப்போன இடம் இருந்தால் அதைத்தான் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டுவார்கள். அதைப் பார்த்த பின்பு வாங்குகிறவர் வாங்கட்டும் என்பார்கள். அந்தக் கடையில் உட்கார்ந்து கொண்டு நாம் செய்த வேலை இது. பொட்டலத்தை அனுப்பி விட்டோம். ஆயினும் மனம் அமைதி அடையவில்லை.

இரண்டாம் நாள் ஆலிம்சா ஒருவருக்குப் போன் செய்து, வாங்கும் எண்ணமில்லாதவரை விட்டு விலையை ஏற்றியது பற்றிக் கேட்டோம். அதற்கு நஜ்ஷ் என்று பெயர், நாயகமவர்கள் தடுத்த காரியம், புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது என்று சொன்ன அவர், "வேறே ஏதாவது மறைத்தீர்களா?" என்று கேட்டார். அதை நாம் சொல்லவில்லை, அவராகவே கேட்டார். ஈயம் பற்ற வைத்ததைச் சொன்னோம். "அப்படியானால் இரண்டையும் அவருக்கு எழுதுங்கள். வேண்டும் என்றால் வைத்துக் கொள்ளட்டும், வேண்டாமென்றால் திருப்பட்டும்" என்றார்.

எழுதினோம். அந்த மனிதர் நம்மைத் திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை. பெட்டியைத் திருப்பி அனுப்பினார். 165 வெள்ளியைக் கொடுத்தோம். போக வர அஞ்சல் கூலி 22 வெள்ளியும் நம்முடையது. சில மாதங்கள் கழித்து, ஈயம் பற்ற வைத்த இடத்தையே முதல் படமாகப் போட்டு மறுபடியும் ஏலம் விட்டோம். 90 வெள்ளிக்குப் போயிற்று. அந்த ஈப்போக்காரர் பிறகு நம்மிடம் ஒன்றும் வாங்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது எளிதாயிருந்தது. இதெல்லாம் சகஜம் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குவதுதான் பெரும் பாடாயிற்று. அவனை உட்கார வைத்து, மாமா தவறு செய்தேன் என்று சொல்ல நமக்கு ஒரு வாரம் ஆயிற்று.

குறையைச் சொன்னால் சரக்கு போகாது என்று அஞ்சும் சகோதரர்களுக்கு ஒன்று சொல்வோம். இன்று உலகெங்கும் பெயர் பெற்ற ஈபே என்னும் இணைய ஏலத்தை, 1995 இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் தொடங்கினார். அதில் முதன் முதலாக விலை போனது, பழுதாய்ப் போன ஒரு லேசர் விளக்கு. 14 டாலர் 83 காசுக்குப் போயிற்று. அது பழுதானது என்பது தெரியுமா என்று வாங்கியவரிடம் அவர் கேட்டார். தெரிந்துதான் வாங்கினேன், பழுதானவற்றையே சேர்த்து வருகிறேன் என்று பதில் வந்ததாம். குறையைச் சொல்லிய பொருளுக்கும் அல்லாஹ் ஒரு வாங்குபவரை வைத்திருக்கிறான்.

ஏலம் என்ற சொல்லும் இதையே நினைவூட்டுகிறது. நம் ஏலமும், மலாய்க்காரர் சொல்லும் லேலோங்கும், போர்த்துகீசியர் கொண்டு வந்த சொல்லிலிருந்து பிறந்தவை என்றும், அவர்களுக்கு அது அறபியின் அல்-இஃலாம் என்ற சொல்லிலிருந்து கிடைத்தது என்றும் மொழியறிந்தோர் கூறுவர். இஃலாம் என்றால் அறிவித்தல். விலையை மட்டும் உரக்க அறிவித்து, குறையை மறைத்தால் அது அரை ஏலம்தான். தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நாயகமவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைக்காததற்காக வியாபாரியைக் கண்டித்து, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று உணர்த்தியதை நாம் மறக்கலாகாது.

ஆகவே சகோதரர்களே, இணைய ஏலத்தில் இறங்குவோர் சிலவற்றைப் பேணிக் கொள்வீர்களாக. குறையுள்ள பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். உங்கள் பொருளுக்கு உங்கள் ஆளைக் கொண்டு விலை கேட்காதீர்கள். கையில் இல்லாத சரக்கை இருப்பது போல் ஏலம் விடாதீர்கள். அப்படி விற்பதை ஹகீம் இப்னு ஹிஸாம் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு நாயகமவர்கள் தடுத்தார்கள். ஒவ்வொரு முறை விலை கேட்பதற்கும் காசு வாங்கி, தோற்றவர் காசைத் திருப்பித் தராத ஏலங்களும் உண்டு. அது சூதாட்டத்தைச் சேர்ந்தது, அதன் பக்கமே போகாதீர்கள். தங்கமும் வெள்ளியும் விற்பதற்குக் கைக்குக் கை மாற வேண்டிய சட்டம் இருப்பதால், ஆலிம்களைக் கேட்காமல் அவற்றை ஏலத்தில் விடாதீர்கள்.

ஜவுளிக் கடைப் பெரியவரின் கடைக்குச் சென்ற வாரம் போயிருந்தோம். தம் பெயரிலேயே கணக்குத் திறந்து விட்டார். பேரப்பிள்ளை படம் எடுக்க, பெரியவர் ஒரு பாத்திக்கை விரித்து, பூச்சி அரித்த ஓட்டையில் விரலை வைத்துக் கொண்டு, "இதையும் எடு, இதையும் எடு" என்று சொல்லிக் கொண்டிருந்தார்.

உண்மை சொல்லிக் குறையை விளக்கி விற்பவர், வாங்குபவர் இருவருடைய வியாபாரத்திலும் பரக்கத் உண்டு என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிந்து விடும் என்றும் ஹதீஸில் வந்துள்ளது. எல்லாம் வல்ல அல்லாஹ், நம் தராசையும் நாவையும், இனி நாம் எடுக்கும் படங்களையும் நேராக்கி வைப்பானாக. நம்மைப் பார்த்து வியாபாரம் கற்றுக் கொள்ளும் பிள்ளைகளுக்கு நம்மால் தீங்கு வராமல் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.