திறமை குடும்பச் சொத்தா?

"பாட்டு அவர்கள் வீட்டுச் சொத்து, நம் வம்சத்தில் யார் பாடினார்கள்?" இப்படிச் சொல்லும் பெற்றோர் நம் பங்கிலும் உண்டு. கோவில் பாடகர் குழுவில் சேர ஆசைப்படும் பிள்ளையையும், பந்தாட ஓடும் பிள்ளையையும் இந்த ஒரு பேச்சே தடுத்துவிடுகிறது.

மேலுக்குப் பார்த்தால் பேச்சு நியாயமாகவே தோன்றும். ஜெர்மனி தேசத்து பாக் குடும்பத்தில் ஏறக்குறைய 200 வருஷம் சங்கீத வித்துவான்கள் தோன்றிவந்தார்கள். நம் தேசத்து ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் டென்னிஸில் விம்பிள்டன் இளையோர் பட்டம் பெற்றார். 1979-ல் அதே பட்டத்தை அவர் குமாரர் ரமேஷும் பெற்றார்.

ஆனால் அப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது இரத்தம் மட்டுந்தானா? கிருஷ்ணனுக்கு ஆட்டம் கற்பித்தவர் தகப்பனார். பாக் குடும்பத்தின் பெரிய மேதையான செபஸ்தியான், பத்து வயது நிரம்புமுன்னே தாய் தந்தையரை இழந்தார். ஆர்கன் வாசிப்பவரான மூத்த அண்ணனே அவரை வளர்த்து வித்தையும் கற்பித்தார். செபஸ்தியான் பிறந்த அதே 1685-ல் பிறந்தவர், 'மெசியா' இயற்றிய ஹாண்டல். அவர் தகப்பனாரோ நாவிதர், இரண வைத்தியர்; மகன் சட்டம் படிக்கவேண்டும் என்று விரும்பியவர். அங்கே எந்த வம்சத்தைக் காட்டுவது?

சரீரம் பெற்றோரால் வருகிறது; ஆத்துமத்தையோ சர்வேசுரன் நேரே சிருஷ்டிக்கிறார். இது திருச்சபையின் போதனை. சரீரம் நன்கு அமைந்தவனிடத்தில் புத்தியும் நன்றாக வேலைசெய்யும் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் ஒப்புக்கொள்கிறார். ஆகவே கூரிய செவியும் நீண்ட காலும் வழிவழியாக வரலாம் என்பதில் நமக்கு வழக்கில்லை. இரட்டைப் பிள்ளைகளை ஆராயும் இக்கால விஞ்ஞானிகளும், பிறப்புக்கு இதில் பங்குண்டு என்றே சொல்கிறார்கள்; ஆனால் பங்குதான், முழுவதும் அல்ல. அந்தச் செவியை ஆளும் ஆத்துமத்துக்கு வம்சாவளி கிடையாது. பிள்ளையை ஒருமுறைகூடப் பாடவிட்டுப் பாராமல், பாட்டனாரைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது அநீதியே. வித்துவான் மகன் என்பதற்காக, மனமில்லாத பிள்ளையை அடித்து ஆர்மோனியத்தின் முன் உட்காரவைப்பதும் அதே அநீதிதான்.

செபஸ்தியான் பாக்கின் குமாரர்களில் காட்பிரீட் ஹைன்ரிக் என்றொருவர் இருந்தார். அதே இரத்தம், அதே வீடு. நன்றாக வாசிக்கவும் செய்தார். ஆனால் புத்தி வளர்ச்சி குன்றியிருந்தது. தகப்பனார் 1750-ல் மரித்தபின், சகோதரியும் அவள் புருஷனும் அவரைத் தங்கள் வீட்டில் வைத்து ஆதரித்தார்கள். 1763-ல் அவர் மரித்தார். சங்கீத சரித்திரம் அவர் சகோதரரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறது. அவருக்கு இரண்டு வரிதான். ஞானஸ்நானத் தொட்டியண்டையில் அவர்களுக்குள் ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை.