நத்தையும் சாட்டையும்

அதிகாரத்தைப் பார்த்துச் சிரித்த ஓர் இதழ், அதிகாரம் மறுக்கப்பட்டவர்களைப் பார்த்தும் சிரித்திருந்தால் அதை எப்படி நினைவுகூர்வது? 'சங்கர்ஸ் வீக்லி'யைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மிஞ்சுவது இந்தக் கேள்விதான்.

கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் சங்கர், 1948இல் டெல்லியில் இந்த ஆங்கில வார இதழைத் தொடங்கினார். தொடங்கிவைத்தவர் பிரதமர் நேரு. தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று அவர் சங்கரிடம் சொன்னதாகச் சொல்வார்கள், சங்கரும் விட்டுவைக்கவில்லை. அபு ஆபிரகாம், ஓ.வி. விஜயன் போன்றவர்கள் அங்கே வரைந்து வளர்ந்தார்கள். 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை வந்தது. செய்திகள் அச்சுக்குப் போகுமுன் தணிக்கைக்குப் போயின. ஆகஸ்ட் 31 இதழோடு சங்கர் நிறுத்திக்கொண்டார். சர்வாதிகாரத்துக்குச் சிரிப்பு ஒத்துக்கொள்ளாது என்பதே அவருடைய கடைசித் தலையங்கத்தின் சாரம்.

இதுவரை கதை எளிது. ஆனால் 1949 ஆகஸ்டில் இதே இதழில் சங்கர் வரைந்த படம் ஒன்று, என்சிஇஆர்டியின் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. அரசியலமைப்பு என்கிற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார், கையில் சாட்டை. பின்னால் நேரு, அவர் கையிலும் சாட்டை. கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. 2012 மே மாதம் தொல். திருமாவளவன் உள்ளிட்டோர் நாடாளுமன்றத்தில் இதை எதிர்த்தார்கள். படத்தை நீக்குவதாக அரசு அறிவித்தது. புனேயில் பாடநூல் ஆலோசகர் ஒருவரின் அலுவலகம் தாக்கப்பட்டது. அந்தத் தாக்குதலை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் எதிர்த்தவர்கள் எல்லோரையும் 'நகைச்சுவை தெரியாதவர்கள்' என்று ஒதுக்குவதும் நடந்தது.

அந்த வாக்கியம் பெண்களுக்குப் பழக்கமானது. மனைவி ஜோக்குக்கு முகம் சுளித்தால் நம்மிடம் சொல்லப்படுவதும் அதுதான். 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்றவுடன் சொன்னவர் தப்பித்துவிடுகிறார். குற்றம் கேட்டவள் மேல் விழுகிறது.

இரண்டு சாட்டையும் நத்தைக்குத்தான் என்று வாதிடலாம். ஆனால் சாட்டை எல்லோர் கண்ணுக்கும் ஒன்றல்ல. எங்கள் ஜோலார்பேட்டையைச் சுற்றி, ஆம்பூர், வாணியம்பாடி வரை, தோலும் ஷூவும் பலருக்குப் பிழைப்பு. ஷூ கம்பெனியில் தைக்கிற பெண்களின் மகள்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். தோலைத் தொட்டதற்காகவே மனிதர்களைத் தள்ளிவைத்த நாட்டில், தங்கள் தலைவரின் முதுகுக்குப் பின்னால் ஓங்கிய சாட்டை, அவர்களுக்கு வேகத்தைப் பற்றிய வேடிக்கை மட்டும்தானா?

அந்த வேடிக்கையில் உண்மையும் குறைவு. 1948 நவம்பர் 5 அன்றே டி.டி. கிருஷ்ணமாச்சாரி அரசியல் நிர்ணய சபையில் பேசியிருந்தார்: வரைவுக்குழுவின் எழுவரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்களும் பல காரணங்களால் வர இயலவில்லை, சுமை அம்பேத்கர் மேல் விழுந்தது. ஒன்பது மாதம் கழித்து, சுமந்தவரையே நத்தைமேல் உட்காரவைத்துச் சிரித்தார்கள். இது ஒருவருடைய பிழை மட்டுமல்ல. உன்னமதி ஷியாமசுந்தர் தொகுத்து 2019இல் வெளியான கேலிச்சித்திர நூலில், அக்காலப் பத்திரிகைகள் அம்பேத்கரைக் குள்ளமாக்கியதையும் பெண்ணாக்கியதையும் பார்க்கலாம். ஓர் ஆணைச் சிறுமைப்படுத்தப் பெண்ணாக வரைந்தால் போதும் என்றால், அங்கே சிறுமைப்படுவது இருவர்.

சங்கரின் இதழ் நின்றுபோன காலத்தை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் இதழ் நின்றதால் அந்தப் படம் நியாயமாகிவிடாது. படத்தை நீக்கியதாலும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. என்னைக் கேட்டால், அந்தப் படத்தையும் கிருஷ்ணமாச்சாரியின் பேச்சையும் அருகருகே வைத்துப் பாடம் நடத்துவேன். வேடிக்கை பார்க்கும் அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று மாணவிகளை எண்ணச் சொல்வேன். பிறகு அதே படத்தை அவர்களை வரையச் சொல்வேன்.