யார் ஓட்டப் போவது?

பழைய டிராக்டரைச் சரிசெய்து ஓட்டலாமா, இரும்புக் கடைக்கு எடை போடலாமா என்பதை எங்கள் பக்கம் யாரும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் போதும். "போட்ட காசு திரும்பாதுங்க" என்பார் ஒருவர். "அந்தக் காலத்து இரும்பு இப்ப எங்கீங்க கெடைக்குது" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மை. அதனால்தான் இந்த முடிவு இழுத்துக்கொண்டே போகிறது.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, பாலமலை அடிவாரத்தில் எங்கள் சித்தப்பாவின் தோட்டம். அங்கே சாளையில் ஒரு மேசி பெர்குசன் 1035 நிற்கிறது. தாத்தா வாங்கியது. இப்போதைய 'டிஎன்' வரிசை நம்பர்கள் வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர். தாத்தா காலமான பிறகும் சில வருஷம் ஓடியது. ஹைட்ராலிக் கலப்பையைத் தூக்காமல் போனதும் சாளைக்குள் தள்ளினார்கள். அதன்மேல் சோளத்தட்டுக் கட்டுகளும் காலிச் சாக்குகளும் ஏறின. உழவுக்கு வாடகை டிராக்டர் வருகிறது. ரோட்டவேட்டர் போட்டு ஓட்டிவிட்டு மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போகிறது.

போன கோடையில் சித்தப்பா ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். நானும் கூட இருந்தேன். வந்தவர் பெயிண்டையோ டயரையோ பார்க்கவில்லை. நேராக ஆயில் குச்சியை உருவி, நுனியில் இருந்ததை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார். ஆயில் கறுத்துத் தடித்திருந்தது, ஆனால் வெளுக்கவில்லை. வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, கேஸ்கெட்டோ லைனரோ போய்விட்டது என்று அங்கேயே பாதி முடிவாகியிருக்கும். பிறகு மூன்று நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் டீசல் ஊற்றி, "காலையில பாக்கலாமுங்க" என்று போய்விட்டார். மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனரை மாட்டி இரண்டு கையாலும் அழுத்தினார். முதலில் அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தியதும் கட்டை விரல் அகலத்துக்கு நகர்ந்தது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளவில்லை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தார். புஷ், கிங்பின் எல்லாம் தேய்மானம். கியர் பெட்டியின் மூடியைத் திறந்தார்; இரண்டாம் கியரில் ஒரு பல்லின் ஓரம் உடைந்திருந்தது. எல்லோரும் பயந்துகொண்டிருந்த ஹைட்ராலிக்தான் லேசான வேலையாக முடிந்தது. பின்பக்க ஆயிலுக்குள் தண்ணீர் இறங்கி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது, கழற்றிக் கழுவினால் போதும் என்றார்.

எல்லாம் பார்த்து முடித்துக் கை துடைத்துக்கொண்டே அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "யாருங்க ஓட்டப் போறது?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. பேச்சு செலவுக்குப் போய்விட்டது. லைனர், பிஸ்டன் செட், நாசில், டீசல் பம்ப், கிளட்ச், கடைசியில் எல்லாவற்றையும் விட அதிகமாக வாய் பிளக்கும் பின் டயர்கள். மெக்கானிக் சொன்ன தொகை இரண்டு லட்சத்தைத் தொட்டது. அதே சக்தியுள்ள புது வண்டிக்கு அதைப்போல மூன்று மடங்குக்குக் குறையாது. இரும்பாக எடை போட்டால் ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். அதற்குக் கிடைப்பது டயர் செலவுக்குக்கூடக் காணாது. நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தால், ஐந்து ஏக்கர் பண்ணையத்துக்குப் பழையதும் வேண்டாம், புதியதும் வேண்டாம், வாடகை உழவே போதும் என்றுதான் வரும். இந்தக் கணக்கை நான் குறைத்துப் பேச மாட்டேன். கணக்குப் பார்க்காமல் பாசத்தில் காசைக் கொட்டி, வண்டியும் ஓடாமல் கடனும் அடையாமல் நின்றவர்களை எங்கள் பக்கமே பார்த்திருக்கிறோம்.

ஆனால் அந்த நோட்டில் மழை இல்லை. எங்களுடையது மலை மறைவு நிலம். சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்தால் செம்மண்ணில் பதம் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அந்த மூன்று நாளும் ஊரே ஒரே வாடகை வண்டிக்குப் போன் போடுகிறது. நம் முறை வரும்போது மண் இறுகிவிடும். அதோடு யானை பயத்தில் வாழையை விட்டுவிட்டு அடிவாரத்தில் பலர் கறிவேப்பிலைக்கு மாறியிருக்கிறார்கள். இடைவெளி பார்த்துப் போட்ட வரிசைகளுக்கு நடுவே பெரிய வண்டி திரும்புவதில்லை. ஒல்லியான பழைய மேசி திரும்பும். ஆக, வேலை இருக்கிறது. இது முதல் விஷயம்.

இரண்டாவது, வண்டியின் குலம். மேசி பெர்குசனின் மூதாதை வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் என்ற மெக்கானிக்கின் மூளையில் பிறந்தது. கலப்பையை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகாமல், மூன்று இடத்தில் மாட்டி ஹைட்ராலிக்கோடு இணைத்தார். கொழு சுக்கான்கல்லில் இடித்தால் பளு கூடுவதை வண்டியே உணர்ந்து கலப்பையைச் சற்றுத் தூக்கிக்கொள்ளும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் அவருடைய சின்னச் சாம்பல் நிற வண்டி ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளியானது. அதன் வாரிசுகளைச் செய்ய 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கியது. எஞ்சின் பக்கத்திலேயே, செம்பியத்தில், பெர்கின்ஸ் வழி வந்த சிம்சன். ஒரே குடும்பத்து வண்டிகள் இத்தனை வருஷம் ஓடியதால்தான் கோவையில் இன்றும் கேட்ட சாமான் கிடைக்கிறது. சொந்தம் இல்லாத அபூர்வ வண்டி என்றால் ஒவ்வொரு புஷ்ஷையும் லேத் பட்டறையில் கடைந்துதான் போட வேண்டும்.

கடைந்து போடுவதும் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. பெரியநாயக்கன்பாளையம் வழியாகப் போகும் தண்டவாளம் மேட்டுப்பாளையத்தில் முடிய, அங்கிருந்து மலை ரயில் ஏறுகிறது. அதன் பல்சக்கர நீராவி எஞ்சின்கள் 1914 முதல் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்தவை. எங்கள் மேட்டுப்பாளையம் சாலையில் 1962-ல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு இயந்திரம் செய்யக் கைகோத்த ரீட்டர் கம்பெனியும் அதே விண்டர்தூர்தான். ஒரே ஊரிலிருந்து வந்த இரண்டும் இங்கே ஒரே பாடத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கின்றன. வந்த இயந்திரத்தைத் திறந்து, பழுது பார்த்து, தேய்ந்ததைச் செய்து போட்டுப் போட்டுத்தான் நம் ஆட்கள் முழு இயந்திரம் செய்யத் துணிந்தார்கள். மலை ரயிலின் பழைய எஞ்சின்கள் தளர்ந்தபோது, 2010-களில் திருச்சி பொன்மலைப் பணிமனை அதே ரகத்தில் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டி அனுப்பியது. பழையவற்றைக் காலங்காலமாகத் திறந்து மூடிய கைகள் அங்கே இருந்திராவிட்டால் அது நடந்திருக்காது.

இதை நினைக்கும்போதுதான் மெக்கானிக்கின் கேள்வி எனக்கு முழுசாகப் புரிந்தது. இரும்புக்கு ஆயுள் நீளம். நன்றாக வார்த்த எஞ்சின் பிளாக் மூன்று தலைமுறை தாங்கும். முதலில் அற்றுப்போவது அதைத் திறக்கத் தெரிந்த கை. அந்தக் கை இன்னொரு கைக்குச் சொல்லிக்கொடுக்கும் இடம் இந்த மாதிரிப் பழைய வண்டிதான். புது வண்டியை வாரண்டி முடியும்வரை யாரும் தொட விடுவதில்லை. சரிசெய்வது தகுமா என்று நாம் வண்டியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அது. ஓட்டவும் கற்கவும் ஆள் இருந்தால் இரண்டு லட்சம் செலவே இல்லை. ஆள் இல்லாவிட்டால் இருபதாயிரமும் வீண்.

பளபளவென்று பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அவிநாசி சாலையில் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம், நல்லது. பார்க்க வைப்பதற்கென்றே ஓரிடம் வேண்டும். தோட்டத்து வண்டிக்கு அந்த வேஷம் ஒட்டாது. அதைவிடப் பிரித்துக் கொடுத்துவிடலாம். பக்கத்து ஊரில் ஒருவருடைய மேசியில் பிளாக்கே விரிசல் விட்டுவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். பிரித்து விற்கச் சொன்னோம். அதன் இரண்டாம் கியர் இப்போது சித்தப்பாவின் வண்டிக்குள் இருக்கிறது. இன்னொரு வண்டிக்கு அதன் பின் ஆக்சில் போயிருக்கிறது. அதுவும் ஒரு பிழைப்புதான்.

மெக்கானிக்கின் கேள்விக்குச் சித்தப்பா வீட்டில் பதில் சொன்னது அவர் மகள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்குப் போய் ஹைட்ராலிக் மூடியைக் கழற்றியது முதல் வால்வைக் கழுவி மாட்டியது வரை மெக்கானிக்கோடு நின்றாள். எஞ்சின் வேலை முடிந்து, ஆர்.சி. புத்தகத்தில் தாத்தா பெயரை மாற்ற வேண்டிய பேச்சு வந்தபோது, "எம்பேருக்கு மாத்துங்கப்பா" என்றாள். சித்தப்பா தயங்கினார். கல்யாணமாகிப் போகிற பிள்ளை பேரில் டிராக்டரா என்பது அவர் யோசனை. ஓட்டத் தெரிந்தவள் பேரில் இல்லாமல் வேறு யார் பேரில் எழுதுவது என்று நான் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

வாரிசுச் சான்றிதழ் வாங்கியாயிற்று. விவசாய டிராக்டருக்கு முதல் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பாக்கியும் கட்ட வேண்டியிருக்கிறது. அத்தைகள் இருவரின் கையெழுத்து மட்டும் பாக்கி. சூலூரில் இருக்கும் பெரிய அத்தையிடம் சித்தப்பாவே போனில் பேசினார். "அம்மிணி பேர்லதான் எழுதறோமுங்க்கா, ஒரு நாள் வந்துட்டுப் போங்க" என்றார்.