யாருக்காக அந்த ஓட்டு?

சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்துப் பிள்ளைகள் ஆறாம் படிவமோ டிப்ளோமாவோ முடித்துவிட்டு, தஞ்சோங் மாலிம், கம்பார், கோலாலம்பூர் என்று பட்டப்படிப்புக்குக் கிளம்புகிறார்கள். தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் முதல் ஆளாக இருப்பவர்களும் அவர்களில் உண்டு. விடுதியில் இடம், பிடிபிடிஎன் கல்விக்கடன் கைக்கு வரும்வரை சாப்பாட்டுச் செலவு, தீபாவளியை ஒட்டி வரும் தேர்வு என்று அவர்களுக்குச் சிக்கல்கள் வரிசைகட்டும். இவற்றை நிர்வாகத்தின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டியது மாணவர் பிரதிநிதித்துவ மன்றம்.

மன்றத் தேர்தலன்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது: "ஐந்து மணிக்குள் ஓட்டுப் போட்டுவிடுங்கள்." அடுத்த நிமிடமே யாரோ ஒப்படைப்பைப் பற்றிக் கேட்கிறார்கள், இன்னொருவர் இரவுச் சாப்பாட்டுக்கு ஆள் சேர்க்கிறார். ஓட்டு மறந்துபோகிறது.

போடாமல் இருப்பது குற்றமா? சட்டப்படி இல்லை. ஆனால் அந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல.

1974இல் ரப்பர் விலை சரிந்து, கெடாவின் பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் திரண்டார்கள். அந்த டிசம்பரில் கோலாலம்பூர் மாணவர்கள் அவர்களுக்காகத் தெருவில் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அன்று இளைஞர் தலைவராக இருந்த அன்வார் இப்ராஹிம் பேராக்கின் கமுந்திங் முகாமில் அடைக்கப்பட்டார். மறு ஆண்டே பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட்டு, மாணவர் அமைப்புகளின் நிதியும் அதிகாரமும் பறிபோயின. கட்சி அரசியலில் ஈடுபட்டதாக நடவடிக்கைக்கு உள்ளான மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் வழக்காடி, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2018 டிசம்பரில் வளாக அரசியலுக்கான தடையைச் சட்டத்திலிருந்தே நீக்கும் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. மாணவர்கள் தொடங்கிய 'உண்டி18' இயக்கத்தின் உழைப்பால், 2019 ஜூலையில் வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைக்கும் திருத்தம் மக்களவையில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது.

"மன்றத்துக்கு அதிகாரமே இல்லை, எதற்கு ஓட்டு?" என்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதிருப்தியை வாய்விட்டுச் சொன்னால்தான் அது எதிர்ப்பு. வெறுமனே ஒதுங்கினால் நிர்வாகம் அதைத் திருப்தி என்றே எடுத்துக்கொள்ளும். வசதியுள்ள மாணவருக்கு அதனால் நஷ்டமில்லை. வாடகைக்கு வீடு எடுத்துக்கொள்வார். விடுதியை மட்டுமே நம்பி வந்தவர்தான் அந்த மௌனத்துக்கு விலை கொடுக்கிறார். ஓட்டுப் போடாததில் அறப்பிழை இருக்கிறது என்றால் அது இங்கேதான்.

அதற்காக மாணவர்களை விரட்டிப் போடவைப்பதும் சரியாகாது. ஓட்டுப் போட்டால் விடுதிப் புள்ளி, போடாவிட்டால் இடம் கிடைக்காது என்ற பயத்தில் விழும் ஓட்டில் மாணவரின் மனம் இல்லை. "நம்ம பிள்ளை நிற்கிறான், போட்டுவிடு" என்பதும் ஊக்கம் ஆகாது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே உணவகத்தில்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

மூத்த மாணவர்கள் செய்யக்கூடியது வேறு. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பே வேட்பாளர்களை விடுதிக்கு அழைத்து, இரவுப் பேருந்துக்கும் அவசர உதவி நிதிக்கும் என்ன திட்டம் வைத்திருக்கிறார்கள் என்று புதியவர்கள் முன்னிலையில் கேட்கலாம். அந்தப் பதில்களை எழுதிவைத்து, அடுத்த தவணைத் தொடக்கத்தில் வென்றவரிடமே கணக்குக் கேட்கலாம்.