அது நிற்கும் வரை

கெலுகோரில் குடியிருப்பவர்களின் கண்ணில் பன்றிப் பண்ணை படாது. பண்ணைகள் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கின்றன. அங்கே பல வருஷம் வேலை செய்த மாமா ஒருவர் எங்கள் பிளாட்டுக்கு வருவார். செயற்கைக் கருவூட்டல்தான் அவர் வேலை. கஷ்டமா என்று கேட்டேன்.

"கஷ்டம்லாம் இல்ல லா. காத்திருக்கத் தெரியணும்."

பன்றியின் முதுகை அழுத்திப் பார்ப்பார்கள். சினைப்பருவம் முற்றியிருந்தால் ஓடாது. காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். எதிரே ஓர் ஆண் பன்றியை நிறுத்துவார்கள். அதன் எச்சில் வாடை பட்டால் இன்னும் நன்றாக நிற்கும். 17 டிகிரியில் வைத்திருந்த விந்து, குழாய் வழியே மெதுவாக இறங்க வேண்டும். பாட்டிலைப் பிழியக்கூடாது, கருப்பையே இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டால் வெளியே வழிந்துவிடும்.

கேட்டதும் நிம்மதியாக இருந்தது. மென்மையான முறையே லாபமான முறையும் என்றால் பிரச்சினை தீர்ந்ததே! அப்புறம்தான் உறுத்தியது. அந்த நிற்றலைச் சம்மதம் என்று சொல்லலாமா? சம்மதம் என்றால் மறுக்கவும் இடம் இருக்க வேண்டும். இன்று நிற்காவிட்டால் நாளை மறுபடி அழுத்துவோம். திரும்பத் திரும்பச் சினை பிடிக்காவிட்டால் கசாப்புக்குப் போகும்.

பழைய முறை மட்டும் என்ன வாழ்ந்தது? கனத்த ஆண் பன்றி ஏறி பெண் பன்றிக்குக் காலில் அடிபடும். நோயும் தொற்றும். 2023 தொடக்கத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பினாங்குப் பண்ணைகளுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள், வெளியிலிருந்து பன்றியைக் கொண்டுவர யோசிப்பார்கள். ஆகவே கருவூட்டலை நிறுத்தச் சொல்லவில்லை. என் தட்டிலும் பன்றிப் பிரட்டல் உண்டு.

நன்றாகச் செய்வதையும் நல்லது செய்வதையும் நாம் ஒன்றாக்கிக்கொள்கிறோம் என்பதுதான் என் சங்கடம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. குட்டி ஒன்றுகூட அதிகமாகாது, ஆனால் பன்றிக்குச் சுகம்: அப்படி ஒரு மாற்றத்தைச் செய்வோமா? சினை 114 நாள். பல பண்ணைகளில் அதில் பெரும்பகுதி, திரும்பக்கூட முடியாத கூண்டில் கழிகிறது. கூண்டைக் கொஞ்சம் அகலமாக்கலாமே என்றேன்.

மாமா சிரித்தார். "ஆக்கலாம். யாரு காசு குடுப்பா? நீ குடுப்பியா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.